ஒரு பெண்ணை இரண்டு முறை காப்பாற்றிய படம்: எட்வின் போர்ட்டரும் சினிமாவின் ‘கட்’டும்

சினிமாவில் ஒருவர் வீட்டு வாசலுக்கு வந்து கதவைத் தள்ளுகிறார். அடுத்த நொடி நாம் வீட்டுக்குள் இருக்கிறோம். கதவு திறக்கிறது, அவர் உள்ளே வருகிறார். வாசலை எடுத்தது ஒரு ஊரில், கூடத்தை எடுத்தது ஒரு மாதம் கழித்து வேறொரு ஊரில் போட்ட செட்டில் என்று இருக்கலாம். பார்க்கிற நமக்கு அது உறைப்பதே இல்லை. ஒரே ஆள், ஒரே கதவு, விட்டுப்போகாத ஒரே நேரம் என்று மனசு தானாகச் சேர்த்துக்கொள்கிறது.

கேமரா ஓட ஆரம்பித்து நிற்கும்வரை எடுத்த துண்டுக்கு ‘ஷாட்’ என்று பெயர். ஒரு ஷாட்டை முடித்து அடுத்ததை ஒட்டுகிற இடம் ‘கட்’. இப்படி வெட்டி ஒட்டுகிற வேலை முழுவதும் எடிட்டிங், தமிழில் படத்தொகுப்பு. ஒட்டிய இடம் தெரியாமல் நேரமும் இடமும் அசைவும் தொடர்ந்து போவதாகக் காட்டுவதைப் படப்பிடிப்புத் தளத்தில் ‘கன்டின்யூட்டி’ என்பார்கள். உள்ளே கொஞ்சம், வெளியே கொஞ்சம் என்று இரண்டு இடங்களில் நடப்பதை மாற்றி மாற்றிக் காட்டுவது ‘இன்டர்கட்’. இன்றைக்குக் கைபேசியில் கல்யாண வீடியோ வெட்டுகிறவருக்கும் இது தெரியும். ஆனால் இதெல்லாம் சினிமாவோடு கூடப் பிறந்ததல்ல. சினிமா வந்து பல வருஷங்களுக்கு இதை இப்படிச் செய்ய வேண்டும் என்று யாருக்கும் தெரியாது. அப்படித் தெரியாமல் இருந்த காலத்தையும், தெரிய ஆரம்பித்த காலத்தையும் ஒரே மனிதரின் வேலையில் பார்க்க முடியும். அவர் பெயர் எட்வின் எஸ். போர்ட்டர்.

அவர் வாழ்க்கைக்குப் போகும் முன் அவருடைய ஒரு படத்தைப் பக்கத்தில் போய்ப் பார்த்துவிடலாம்.

1903 ஜனவரியில் எடிசன் நிறுவனம் ‘ஓர் அமெரிக்கத் தீயணைப்பு வீரரின் வாழ்க்கை’ என்ற படத்தை விற்பனைக்கு விட்டது. ஆறு நிமிடம் போல ஓடும். மொத்தமே ஒன்பது ஷாட். முதல் ஷாட்டில் தீயணைப்பு நிலையத்தில் ஒருவர் நாற்காலியில் கண்ணயர்கிறார். அவர் கனவில் வரும் தாயும் குழந்தையும் பக்கத்துச் சுவரில் ஒரு வட்டத்துக்குள் தெரிகிறார்கள். அடுத்தது தெருவில் இருக்கும் அபாய மணிப் பெட்டி, மிக அருகில். ஒரு கை வந்து கொக்கியை இழுக்கிறது. மூன்றாவதில் மாடியில் படுத்திருக்கும் வீரர்கள் துள்ளி எழுந்து உடுத்திக்கொண்டு, தரையில் உள்ள ஓட்டை வழியாகக் கம்பத்தைப் பிடித்துச் சறுக்கிக் கீழே போகிறார்கள். எல்லோரும் போய் முடிந்ததை நாம் பார்த்துவிட்டோம்.

நான்காவது ஷாட் கீழ்த்தளம். இங்கேதான் இன்றைய கண்ணுக்கு ஓர் உறுத்தல். கம்பம் காலியாக நிற்கிறது. இனிமேல்தான் அவர்கள் மேலிருந்து ஒவ்வொருவராகச் சறுக்கி வருகிறார்கள். நாம் பார்த்து முடித்த நேரம் திரும்பவும் முதலிலிருந்து ஓடுகிறது.

இது சின்ன உறுத்தல்தான். கடைசி இரண்டு ஷாட்டில் இதே விஷயம் பெரிதாக வருகிறது. எட்டாவது ஷாட் எரிகிற வீட்டின் உள்ளே, ஒரு படுக்கையறை. புகை. ஒரு பெண் எழுந்து ஜன்னலுக்கு ஓடி, கையசைத்துக் கூப்பிட்டு, மூச்சுத் திணறிக் கட்டிலில் விழுகிறாள். கதவைக் கோடாலியால் பிளந்துகொண்டு ஒரு வீரர் வருகிறார். ஜன்னலை உடைக்கிறார். வெளியே ஏணியின் நுனி தெரிகிறது. அவளைத் தோளில் போட்டுக்கொண்டு ஜன்னல் வழியாக இறங்கி மறைகிறார். அறை கொஞ்ச நேரம் ஆளில்லாமல் புகைகிறது. திரும்ப ஏறி வந்து, கட்டிலில் கிடக்கும் குழந்தையை எடுத்துக்கொண்டு போகிறார். பிறகு தண்ணீர்க் குழாயோடு வந்து தீயை அணைக்கிறார்கள். கதை முடிந்தது.

முடியவில்லை. ஒன்பதாவது ஷாட் வெளியே, அதே வீட்டின் முன்புறம். அதே பெண் ஜன்னலில் வந்து கையசைக்கிறாள். வீரர் வாசல் வழியாக உள்ளே ஓடுகிறார். ஏணி சாத்துகிறார்கள். அவளைச் சுமந்துகொண்டு ஏணியில் இறங்குகிறார். கீழே வந்து நினைவு திரும்பியதும் அவள் ‘குழந்தை, குழந்தை’ என்று மேலே காட்டித் துடிக்கிறாள். மறுபடி ஏறிப்போய்க் குழந்தையைக் கொண்டுவந்து அவள் கையில் கொடுக்கிறார். ஒரே காப்பாற்றல், முழுதாக இரண்டு முறை. உள்ளேயிருந்து ஒரு தடவை, வெளியேயிருந்து ஒரு தடவை.

முதல் முறை இதைப் பார்த்தபோது ஏதோ பிரதி கெட்டுப்போய்த் துண்டுகள் இடம் மாறிவிட்டன என்றே நினைத்தேன். மறுபடி ஓட்டிப் பார்த்தேன். மூன்றாவது முறை பார்க்கும்போது வேறொன்று தெரிந்தது. உள்ளே அறை ஆளில்லாமல் புகைந்துகொண்டிருந்த அந்தச் சில நொடிகளில் கீழே என்ன நடந்தது என்பது எனக்கு அப்போது தெரியாது. அந்தத் தாய் குழந்தைக்காகத் துடித்துக்கொண்டிருந்தாள் என்று ஒன்பதாவது ஷாட் வந்து சொல்கிறது. இதில் குளறுபடி எதுவும் இல்லை. வேறொரு விதமாகக் கதை சொல்லியிருக்கிறார். ஏன் அப்படிச் சொன்னார் என்பதற்கு அவர் எங்கிருந்து வந்தார் என்று பார்க்க வேண்டும்.

போர்ட்டர் 1870 ஏப்ரல் 21 அன்று பென்சில்வேனியா மாநிலத்தின் கானல்ஸ்வில் என்ற ஊரில் பிறந்தார். விளம்பரப் பலகை எழுதினார், தந்தி ஆபீசில் இருந்தார், தையல் கடை வைத்தார். 1893இல் அமெரிக்கா பெரிய பொருளாதார நெருக்கடியில் விழுந்த வருஷம் கடை திவாலானது. கடற்படையில் சேர்ந்தார். அங்கே மின்சாரச் சாதனங்களோடு வேலை. எந்திரம் என்றால் அவருக்கு உயிர். மூன்று வருஷம் கழித்து 1896இல் வெளியே வந்தபோது, சரியாக அந்த வருஷம்தான் எடிசனின் பெயரில் வைட்டாஸ்கோப் என்ற புரொஜக்டர் வந்திருந்தது. ஏப்ரல் 23 அன்று நியூயார்க்கில் கோஸ்டர் அண்ட் பையல் இசை அரங்கில் அதன் முதல் காட்சி. போர்ட்டர் அந்தப் புரொஜக்டரை ஓட்டும் ஆளாக, நம் தியேட்டர் பாஷையில் சொன்னால் ஆபரேட்டராக, வேலைக்குச் சேர்ந்தார். கரீபியன் பக்கத்து ஊர்களுக்கெல்லாம் போய்ப் படம் காட்டினார்.

பிறகு நியூயார்க்கின் ஈடன் மியூசேவில் ஆபரேட்டர். அது ஒரு மெழுகுச் சிலைக் காட்சியகம். பொம்மைகளைப் பார்க்க வருகிற கூட்டத்துக்குப் படமும் காட்டுவார்கள். இந்த வேலையைத்தான் நான் இந்தக் கட்டுரையின் நடுக்கம்பம் என்று நினைக்கிறேன். கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

அந்தக் காலத்தில் ‘ஒரு படம்’ என்றால் பெரும்பாலும் ஒரு ஷாட். ரயில் வந்து நிற்பது ஒரு படம். பட்டாளம் கப்பலில் ஏறுவது ஒரு படம். ஒரு நிமிடம்கூட ஓடாது. தயாரிப்பாளர்கள் அடிக்கு இவ்வளவு என்று துணி மாதிரி விற்பார்கள். வாங்கியவர் எதற்குப் பின் எதைக் காட்டுகிறார் என்பது வாங்கியவர் பாடு. 1898இல் கியூபா விவகாரத்தில் அமெரிக்காவும் ஸ்பெயினும் சண்டை போட்டபோது போர்ப் படங்கள் வந்து குவிந்தன. அவற்றில் எதை முதலில் வைப்பது, கப்பல் புறப்படுவதற்கு முன் கொடி ஏற்றுவதைக் காட்டுவதா பின் காட்டுவதா, நடுவில் கண்ணாடிச் சிலைடுகளை எங்கே செருகுவது, விளக்கம் சொல்கிறவர் எங்கே பேசுவது என்பதையெல்லாம் தீர்மானித்தது காட்சி நடத்துகிறவர்தான். ஒரு மாலை நிகழ்ச்சிக்கு இருபது துண்டுகளை ஒட்டி ஒரு கதை மாதிரி ஆக்குவார்கள். ஏசுவின் பாடுகளைக் காட்டும் படங்களும் அப்படித்தான், காட்சி காட்சியாக விற்பனைக்கு வந்தன. வேண்டிய காட்சிகளை மட்டும் வாங்கிக் கோத்துக்கொள்ளலாம்.

ஆக, எடிட்டிங் என்று இன்று நாம் சொல்வது முதலில் நடந்த இடம் புரொஜக்டர் ரூம். ஸ்டுடியோவுக்கு அது பிறகு வந்தது. கத்தரியும் பசையும் ஆபரேட்டர் கையில் இருந்தன. போர்ட்டர் அந்த அறையில் வருஷக்கணக்கில் உட்கார்ந்து, எந்தத் துண்டுக்குப் பின் எந்தத் துண்டு வந்தால் கூட்டம் நிமிர்ந்து உட்காருகிறது என்று இருட்டில் பார்த்தவர். ‘கட்’டைக் கண்டுபிடித்தவர் அவர்தான் என்று பழைய புத்தகங்கள் புகழும். எனக்கு அது சரியாகப் படவில்லை. அவர் செய்ததை இப்படிச் சொல்லலாம்: ஆபரேட்டரின் கையில் இருந்த கத்தரியை எடுத்துக்கொண்டு கேமராவின் பக்கம் போனார். அது சின்ன வேலையல்ல.

1900இன் கடைசியில் எடிசன் நிறுவனம் அவரை வேலைக்கு எடுத்தது, இயக்குநராக அல்ல, எந்திரங்களைச் சீர்செய்து மேம்படுத்த. அடுத்த வருஷம் நியூயார்க்கில் கிழக்கு 21ஆவது தெருவில் ஒரு கட்டடத்தின் மொட்டைமாடியில் கண்ணாடிக் கூரையோடு புது ஸ்டுடியோ வந்தது. அங்கே கேமராவுக்குப் பின்னால் நின்றார். ‘இயக்குநர்’ என்ற பதவியே அப்போது தெளிவாக இல்லை. கேமராவைச் சுழற்றுகிறவர், காட்சியை யோசிக்கிறவர், பிலிமைக் கழுவி ஒட்டுகிறவர் எல்லாம் ஒரே ஆள். நடிகர்களைப் பார்த்துக்கொள்ள ஒரு கூட்டாளியைப் பக்கத்தில் வைத்துக்கொள்வது அவர் வழக்கம். முதலில் ஜார்ஜ் ஃப்ளெமிங், பிறகு வாலஸ் மக்கட்சன், அதன் பிறகு சர்ல் டாலி.

அந்த முதல் வருஷத்திலேயே ஒரு விஷயம் நடந்தது. 1901 செப்டம்பரில் ஜனாதிபதி மெக்கின்லியை பஃபலோ நகரில் ஒருவன் சுட்டான். அவர் இறந்துபோனார். சுட்ட சோல்கோஸுக்கு அக்டோபர் 29 அன்று ஆபர்ன் சிறையில் மின்நாற்காலித் தண்டனை. போர்ட்டர் அங்கே போய்ச் சிறையின் வெளிப்புறத்தைக் கேமராவை மெதுவாகத் திருப்பிப் படமெடுத்தார். உள்ளே விடவில்லை. திரும்பி வந்து மரண தண்டனையை ஸ்டுடியோவில் நடிகர்களை வைத்து எடுத்து, சிறையின் நிஜக் காட்சியோடு சேர்த்தார். மதிலைப் பார்த்த கண் அடுத்து வருகிற பொய்ச் சுவரையும் அந்த மதிலுக்குள்தான் இருக்கிறது என்று நம்பிவிடுகிறது. வாசலில் எடுத்ததையும் செட்டில் எடுத்ததையும் நாம் சேர்த்துக்கொள்கிறோம் என்று தொடக்கத்தில் சொன்னேனே, அதன் வேர் இங்கே இருக்கிறது. அந்தப் படத்தையும் சிறைக் காட்சியோடும் வாங்கலாம், இல்லாமலும் வாங்கலாம் என்றுதான் விற்றார்கள். கத்தரி இன்னும் முழுசாகக் கைமாறவில்லை.

பிரான்சில் ஜார்ஜ் மெலியே எடுத்த நீளமான கதைப் படங்கள் அப்போது அமெரிக்காவுக்கு வந்துகொண்டிருந்தன. பிலிம் கழுவும் லேபில் அவற்றைக் கூர்ந்து பார்த்துத்தான், தொடர்ச்சியாகக் கதை சொன்னால் கூட்டம் திரும்ப வரும் என்று தனக்குத் தோன்றியதாகப் போர்ட்டரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். இங்கிலாந்தில் ஜேம்ஸ் வில்லியம்சன் 1901இலேயே ஒரு தீயணைப்புப் படம் எடுத்துவிட்டார். போர்ட்டர் தனியாக வானத்திலிருந்து எதையும் பிடிக்கவில்லை. மூன்று நாடுகளில் பலர் ஒரே சமயத்தில் தடவித் தடவிப் போய்க்கொண்டிருந்தார்கள்.

இப்போது அந்தத் தீயணைப்புப் படத்துக்குத் திரும்புவோம். ஒரு ஷாட்டே ஒரு முழுப் படம் என்ற பழக்கத்தில் வளர்ந்தவருக்கு, நடந்துகொண்டிருக்கும் ஒரு ஷாட்டை நடுவில் வெட்டிவிட்டு வேறிடத்துக்குப் போவது புகைப்படத்தை நடுவில் கிழிப்பது போலத்தான் இருந்திருக்கும். சிலைடு காட்டி விளக்கம் சொல்கிறவர் ஒரு சிலைடை முழுக்கச் சொல்லி முடித்துவிட்டுத்தான் அடுத்ததைப் போடுவார். அந்த முறைதான் இது. நாமும் வீட்டில் ஒரு சம்பவத்தைச் சொல்லும்போது, ‘உள்ளே இப்படி இப்படி நடந்ததா... அந்நேரம் வெளியே என்னாச்சு தெரியுமா’ என்று கடிகாரத்தைப் பின்னால் திருப்பி வைத்துக்கொண்டு மறுபடி ஆரம்பிக்கிறோம். கேட்கிறவர் யாரும் ‘அப்போ இரண்டு தடவை தீப்பிடித்ததா’ என்று கேட்பதில்லை. போர்ட்டரின் பார்வையாளர்களுக்கும் அது இயல்பாகவே பட்டிருக்க வேண்டும்.

தீயணைப்புப் படம் வந்த அதே 1903இன் டிசம்பரில் வந்ததுதான் ‘மாபெரும் ரயில் கொள்ளை’. சினிமா வரலாற்றில் அவர் பெயரை நிறுத்திய படம். 740 அடி, பதினான்கு ஷாட், பன்னிரண்டு நிமிடம் போல. கதை மேற்குப் பகுதியில் நடப்பதாகத் தெரிந்தாலும் எடுத்ததெல்லாம் நியூயார்க் ஸ்டுடியோவிலும் பக்கத்து நியூஜெர்சியிலும்தான். லாக்கவானா ரயில்வேயின் வண்டி.

முதல் ஷாட்டைக் கவனியுங்கள். ரயில் நிலையத்தின் தந்தி அறை. கொள்ளையர்கள் துப்பாக்கியை நீட்டித் தந்திக்காரரை மிரட்டுகிறார்கள். பின்னால் ஜன்னலில் நிஜமான ரயில் வந்து நிற்கிறது. அறை செட், ரயில் அசல். ஜன்னல் இடத்தைக் கறுப்பாக மறைத்துவிட்டு அறையை முதலில் எடுப்பார்கள். பிறகு பிலிமைப் பின்னுக்குச் சுற்றி, அறையை மறைத்து, ஜன்னல் இடத்தில் மட்டும் ரயிலைப் பதிவார்கள். ஒரே பிலிம், இரண்டு தடவை ஒளி. கையால் சுற்றும் கேமராவில் இந்தக் கணக்கு தப்பாமல் வருவதற்குக் கடற்படை மெக்கானிக்கின் விரல்தான் வேண்டும்.

அடுத்து தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் பதுங்கி ரயிலில் ஏறுகிறார்கள். தபால் பெட்டியில் சண்டை. எஞ்சின் மேல் இன்னொரு சண்டை. அங்கே கீழே விழுத்தாட்டியவரைக் கேமராவை நிறுத்திவிட்டுப் பொம்மையாக மாற்றி, ஓடும் ரயிலிலிருந்து தூக்கி எறிகிறார்கள். பயணிகளை இறக்கி வரிசையில் நிறுத்திப் பறிக்கிறார்கள். எஞ்சினைக் கழற்றிக்கொண்டு ஓடி, இறங்கி, மலைச்சரிவில் குதிரைகளை நோக்கிப் போகும்போது கேமரா அவர்களைத் தொடர்ந்து திரும்புகிறது. ஒவ்வொரு ஷாட்டும் முந்தைய ஷாட் விட்ட இடத்தில் தொட்டுக்கொள்கிறது. துரத்தல் என்ற ஒன்று இருந்ததால் வந்த லாபம் இது. ஓடுகிறவன் ஒரு சட்டகத்தை விட்டு வெளியேறினால் அடுத்த சட்டகத்தில் வந்தாக வேண்டும். கதையே கன்டின்யூட்டியை இழுத்துக்கொண்டு போகிறது.

பத்தாவது ஷாட்டில் திடீரென்று மறுபடி தந்தி அறை. கட்டிப்போட்டவர் தரையில் கிடக்கிறார். சாப்பாட்டுத் தூக்கோடு வரும் சிறுமி அவர் கட்டை அவிழ்த்து முகத்தில் தண்ணீர் தெளிக்கிறாள். கேள்வி: இது எப்போது நடக்கிறது? கொள்ளையர்கள் குதிரை ஏறிய பிறகா, அல்லது அவர்கள் ரயிலில் சண்டை போட்டுக்கொண்டிருந்த அதே நேரத்திலா? படம் சொல்வதில்லை. ‘அந்நேரம் அங்கே’ என்று நாம்தான் புரிந்துகொள்ள வேண்டும். அடுத்து ஒரு நடனக் கூடம். தந்திக்காரர் ஓடி வந்து செய்தி சொல்கிறார். துப்பாக்கியை எடுத்துக்கொண்டு எல்லோரும் கிளம்புகிறார்கள். இரண்டு இழைகளும் துரத்தலில் வந்து சேர்கின்றன. மாற்றி மாற்றி வெட்டவில்லை, ஒரே ஒரு தடவை தாவியிருக்கிறார். ஆனால் அந்த ஒரு தாவலில் இன்டர்கட்டின் விதை இருக்கிறது.

பதினான்காவது ஷாட் கதையிலேயே சேராது. கொள்ளைத் தலைவனாக வந்த ஜஸ்டஸ் பார்ன்ஸ், மார்பளவு நெருக்கத்தில், நேராகக் கேமராவைப் பார்த்துச் சுடுகிறார். இதைப் படத்தின் முதலிலும் வைக்கலாம் கடைசியிலும் வைக்கலாம், காட்டுகிறவர் விருப்பம் என்று எடிசன் கேட்டலாகில் போட்டிருந்தார்கள். அமெரிக்காவின் மிகப் பிரபலமான அந்தப் படத்தில்கூட ஒரு ‘கட்’டை மட்டும் ஊர் ஊராக இருந்த ஆபரேட்டர்களுக்கு விட்டுவைத்திருக்கிறார், பழைய ஆபரேட்டர். எனக்குப் பிடித்த விஷயம் இது. இந்தப் படத்தில் சின்னச் சின்ன வேடங்களில் வந்த ஆண்டர்சன் பின்னாளில் ‘ப்ராங்கோ பில்லி’ என்ற பெயரில் அமெரிக்காவின் முதல் கௌபாய் நட்சத்திரம் ஆனார்.

இவ்வளவு செய்தவர் அதே 1903இல் எடுத்த ‘டாம் மாமாவின் குடிசை’யைப் பார்த்தால் குழம்பிப்போவோம். கறுப்பு மையை முகத்தில் பூசிய வெள்ளை நடிகர்கள், நாடக மேடைத் திரைகள், ஒவ்வொரு காட்சிக்கும் முன்னால் தலைப்பு அட்டை. அமெரிக்காவில் எல்லாரும் அறிந்த அடிமைமுறைக் கதையாதலால் இடையில் உள்ளதைப் பார்வையாளர்களே நிரப்பிக்கொள்வார்கள் என்ற நம்பிக்கை. சினிமா படி ஏறுவது போல ஒவ்வொரு படமாக மேலே போகவில்லை. ஒரே ஆள் ஒரே வருஷத்தில் முன்னும் போவார், பின்னும் போவார்.

1905இல் வந்த ‘க்ளெப்டோமேனியாக்’ (திருடும் மனநோய் உள்ளவர்) படத்தையும் சொல்லாமல் விட மனசில்லை. பணக்காரப் பெண் ஒருத்தி பெரிய கடையில் பொருள் திருடிப் பிடிபடுகிறாள். ஏழைத் தாய் ஒருத்தி ரொட்டி திருடிப் பிடிபடுகிறாள். முதலில் ஒருத்தியின் கதை, பிறகு மற்றவளின் கதை, கடைசியில் இருவரும் ஒரே நீதிமன்றத்தில். பணக்காரி வீட்டுக்குப் போகிறாள், ஏழை சிறைக்குப் போகிறாள். கடைசிக் காட்சியில் நீதி தேவதை தராசோடு நிற்கிறாள். ஒரு தட்டில் ரொட்டி, ஒரு தட்டில் பொன் மூட்டை. கண்கட்டு ஒரு கண்ணிலிருந்து விலகியிருக்கிறது. இரண்டு துண்டுகளைப் பக்கத்தில் வைத்தால் அவை இரண்டிலும் இல்லாத மூன்றாவது அர்த்தம் ஒன்று பிறக்கும் என்பதை இவ்வளவு தெளிவாக அதற்கு முன் காட்டிய அமெரிக்கப் படம் எனக்குத் தெரிந்து இல்லை.

பிறகு காலம் மாறியது. 1905 முதல் ஐந்து சென்ட் டிக்கெட் அரங்குகள், நிக்கலோடியன்கள், தெருவுக்குத் தெரு முளைத்தன. தினமும் புதுப் படம் வேண்டும். விளக்கம் சொல்ல ஆள் கிடையாது. வருகிறவர்களுக்குக் கதை முன்கூட்டித் தெரியாது. படமே தன்னைத்தானே விளக்கிக்கொள்ள வேண்டும். போர்ட்டரின் கதை சொல்லும் முறை பார்வையாளர்களின் முன்னறிவை நம்பி நின்றது. அந்த ஊன்றுகோல் போனதும் அவர் படங்கள் புரியவில்லை என்று குறை சொல்ல ஆரம்பித்தார்கள்.

1908 ஜனவரியில் வந்த ‘கழுகுக் கூட்டிலிருந்து மீட்பு’ படத்தில் பொம்மைக் கழுகோடு சண்டை போட்டுக் குழந்தையை மீட்கும் தகப்பனாக ஒரு வேலை தேடும் நாடக நடிகர் வந்தார். அவர் டி. டபிள்யூ. கிரிஃபித். சில மாதங்களில் போட்டிக் கம்பெனியான பயோகிராஃபில் இயக்குநர் ஆனார். ஆபத்தில் இருப்பவர், ஓடி வருபவர், மறுபடி ஆபத்தில் இருப்பவர் என்று மாற்றி மாற்றி வெட்டி, வெட்டும் இடைவெளியைச் சுருக்கிச் சுருக்கி, பார்ப்பவரை நாற்காலி நுனிக்குக் கொண்டுவந்தவர் அவர். அவருடைய சினிமாவில் கடிகாரம் பின்னால் போகாது. நாம் இன்று பார்த்து வளர்ந்தது அந்தக் கடிகாரத்தில்தான். 1909இல் எடிசன் நிறுவனம் போர்ட்டரை வெளியே அனுப்பியது.

இந்த இடத்தில் ஒரு பிரதியின் கதை குறுக்கே வருகிறது. தீயணைப்புப் படத்தின் ஒரு பிரதி 1940களில் நியூயார்க் நவீன கலை அருங்காட்சியகத்துக்குக் கிடைத்தது. அதில் கடைசி இரண்டு ஷாட்டும் துண்டு துண்டாக வெட்டி இன்டர்கட் செய்யப்பட்டிருந்தது. உள்ளே கதவு உடைகிறது, வெளியே ஏணி, உள்ளே தூக்குகிறார், வெளியே இறங்குகிறார், உள்ளே மறுபடி வருகிறார் என்று. பார்த்தவர்கள் ஆச்சரியப்பட்டார்கள். கிரிஃபித்துக்கு ஐந்து வருஷம் முன்னாலேயே போர்ட்டர் இதைச் செய்துவிட்டார் என்று பாடப் புத்தகங்களில் எழுதினார்கள்.

ஆனால் வாஷிங்டனில், அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் வேறொரு சாட்சி இருந்தது. 1912 வரை அங்கே சினிமாவுக்கென்று காப்புரிமைச் சட்டம் இல்லை. புகைப்படத்துக்கு இருந்தது. அதனால் கம்பெனிகள் முழுப் படத்தையும் பிலிம் போன்ற நீளக் காகிதச் சுருளில் அச்சிட்டு, இதெல்லாம் புகைப்படங்கள் என்று பதிவு செய்தன. பிலிம் எரிந்தது, மக்கியது, தூக்கி எறியப்பட்டது. காகிதம் அலமாரியில் கிடந்தது. அப்படித் தப்பியவை மூவாயிரத்துக்கு மேல். பிறகு அவற்றைச் சட்டகம் சட்டகமாகத் திரும்பப் பிலிமில் எடுத்தார்கள். அந்தச் சுருளில் தீயணைப்புப் படம் வெளியான காலத்தில் பதிவு செய்த வடிவத்திலேயே இருந்தது. உள்ளே முழுசாக, பிறகு வெளியே முழுசாக. 1970களின் கடைசியில் ஆராய்ச்சியாளர்கள் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். இன்டர்கட் பிரதி பிற்காலத்தில் யாரோ ‘சரிசெய்தது’ என்று தெளிவானது. கடிகாரம் பின்னால் போவதைப் பொறுக்க முடியாத பிற்காலக் கை ஒன்று அதைத் திருத்தியிருக்கிறது. நல்ல எண்ணத்தில் செய்ததாகவே இருக்கலாம். அந்தத் திருத்தம் பல வருஷங்களுக்கு வரலாற்றையே திருத்திவிட்டது.

அதனால் போர்ட்டரின் பெருமை குறைந்துவிட்டது என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவரைக் கிரிஃபித்துக்கு முந்தைய அரைகுறைக் கிரிஃபித்தாகப் பார்த்தவரை அவர் படங்களில் பாதி நமக்குப் பிழையாகவே தெரிந்தன. காகிதச் சுருள் வந்த பிறகுதான் அவை ஒரு தனி மொழியின் வாக்கியங்கள் என்று புரிந்தது.

எடிசனை விட்டு வந்தவர் ரெக்ஸ் என்ற சொந்தக் கம்பெனி தொடங்கினார். 1912இல் தன் பங்கை விற்றுவிட்டு, அடால்ஃப் ஜூகோர் ஆரம்பித்த ஃபேமஸ் பிளேயர்ஸில் சேர்ந்தார். அங்கே ஒரு மணி நேரத்துக்கும் மேல் ஓடும் நீளப் படங்கள். ‘ஜெண்டாவின் கைதி’, மேரி பிக்ஃபோர்டை வைத்து 1914இல் ‘புயல் நாட்டு டெஸ்’. டெஸ் பிக்ஃபோர்டை நாடறிந்த நட்சத்திரம் ஆக்கியது. ஆனால் கேமரா தள்ளியே நின்றது. அவர் முகத்தின் பக்கத்தில் போகவில்லை. மற்றவர்கள் எங்கேயோ போய்விட்ட காலத்தில் போர்ட்டர் நாடக மேடையின் தூரத்திலேயே நின்றுகொண்டிருந்தார். கலைஞர் என்பதைவிட அவர் ஒரு நுட்பக்காரர், மனிதர்களைவிட எந்திரங்களோடு இருப்பதே அவருக்கு இஷ்டம் என்று ஜூகோர் பின்னாளில் எழுதினார்.

எந்திரம் அவரைத் திரும்பக் கூப்பிட்டது. 1915 ஜூனில் நியூயார்க்கின் ஆஸ்டர் தியேட்டரில் சிவப்பு-பச்சைக் கண்ணாடி போட்டுப் பார்க்கும் முப்பரிமாணப் படத்தைக் காட்டினார். அதே வருஷம் படம் எடுப்பதை நிறுத்தினார். பிறகு சிம்ப்ளெக்ஸ் புரொஜக்டர் செய்யும் பிரிசிஷன் மெஷின் கம்பெனிக்குத் தலைவரானார். தொடங்கிய இடத்துக்கே, புரொஜக்டருக்கே வந்து சேர்ந்தார். உலகம் முழுக்கத் தியேட்டர்களில் ஓடிய புரொஜக்டர் சிம்ப்ளெக்ஸ். 1929 பங்குச் சந்தை வீழ்ச்சியில் சேர்த்த சொத்து போனது. 1941 ஏப்ரல் 30 அன்று நியூயார்க்கில் ஒரு ஹோட்டல் அறையில் இறந்தார். வயது 71.

அப்போது அந்தக் காகிதச் சுருள் வாஷிங்டனில் மற்ற ஆயிரக்கணக்கான சுருள்களோடு திறக்கப்படாமல் கிடந்தது. அதற்குள் அந்தப் பெண் ஜன்னலில் வந்து கையசைத்து, காப்பாற்றப்பட்டு, மறுபடி ஜன்னலில் வந்து கையசைத்தாள்.